நடுப்பிள்ளை

ஜீவமணி டீச்சர் இருக்கும் இடத்தில் 'சராசரி' என்ற சொல்லை வாய் தவறி எடுத்துவிட்டால் அவ்வளவுதான், அன்றைக்கு எல்லாருடைய டீயும் ஆறிப்போகும். "சராசரியாப் பாத்தா நம்ம பிள்ளைகள் நல்லாத்தான் எழுதியிருக்கு" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார்கள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். நாலு பிள்ளைகள் முட்டை வாங்கி ஒரு பிள்ளை நூறு வாங்கினால் சராசரி இருபது. அந்த இருபது வாங்கின பிள்ளை எங்கே, கூப்பிடுங்கள், நான் பார்க்க வேண்டும் என்பாள். வகுப்பின் நிலவரம் தெரிய வேண்டுமென்றால் பிள்ளைகளை மார்க்குப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கிறவளைப் பாருங்கள், அவள்தான் உங்கள் வகுப்பு என்பாள். பாடப்புத்தகத்தில் அதற்கு இடைநிலை அளவு என்று பெயர். ஜீவமணி ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவளுக்கு அது 'நடு'.

அவள் பிறந்தது நாசரேத்தில். அந்த வீட்டில் பிறந்தால் ஒன்று வாத்தியார், இல்லையென்றால் வாத்தியாருக்கு வாக்கப்பட்டவர், மூன்றாவது வழி கிடையாது. பாளையங்கோட்டையில் கணக்குப் படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்தாள். சின்னப் பள்ளி, வகுப்புக்கு ஒரே பிரிவு. சாத்தான்குளத்துக்காரரான டிக்சன், ஹார்பரில் சரக்கு இறக்குமதிக்குக் காகித வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தார். குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். கல்யாணமாகி வெகு காலம் பிள்ளையில்லை. சபையில் ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் சொல்லும்போதெல்லாம் இவள் எழுந்து நின்று அலுத்துப்போன பிறகு, ரேச்சல் பிறந்தாள்.

அந்தப் பள்ளியில் காலை அசெம்பிளிக்குப் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள். குட்டையானவள் முன்னால், நெட்டையானவள் பின்னால். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை மேடையேறி வேதவசனம் வாசிக்க வேண்டும். ஜீவமணி வேலைக்கு வந்த புதிதில் அது எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிறவளுக்குத்தான் போகும், அல்லது அப்பா டாக்டராக இருக்கிறவளுக்கு. முதலில் நிற்கிறவளையும் கடைசியில் நிற்கிறவளையும் எல்லாருக்கும் தெரிகிறது, நடுவில் நிற்கிறவள் பெயர் எந்த டீச்சருக்காவது தெரியுமா என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய் நின்றாள் இவள். வகுப்புக்கு ஒரு நடுப்பிள்ளையைக் கண்டுபிடிப்போம், வருஷம் முழுக்க அவளே வாசிக்கட்டும் என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துவிட்டுச் சரி என்றார். திங்கட்கிழமை ஆறாம் வகுப்பு, செவ்வாய் ஏழு, அப்படியே போய் வெள்ளிக்கிழமை பத்து.

நடுப்பிள்ளையைக் கண்டுபிடிக்கும் முறையும் அவளுடையதுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பி.டி. டீச்சர் சண்முகத்தாய் விசிலோடு வந்து வரிசை நிறுத்துவாள். நிறுத்தி முடித்ததும் ஜீவமணி வருவாள். எண்ணுவது கிடையாது. முன்னால் நிற்கிறவளும் பின்னால் நிற்கிறவளும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். பிறகு அடுத்த இரண்டு பேர், அதற்கு அடுத்த இரண்டு பேர். இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டே வந்தால் கடைசியில் மைதானத்தில் ஒரே ஒரு பிள்ளை நிற்கும். அவள்தான். சில வகுப்பில் இரட்டைப்படையாகப் போய் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். அப்போது இரண்டு பேரும் சேர்ந்து, ஒருத்தியை ஒருத்தி முந்தாமல் ஒரே குரலாக வாசிக்க வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் அவள் ஒரே பாடத்தைச் சொல்லுவாள். "முன்னால நிக்கிறவ எறும்பாச் சுருங்கட்டும், பின்னால நிக்கிறவ பனையா வளரட்டும். சராசரி ஆடும், நடு ஆடாது." ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை இதை ஐந்து தடவை கேட்டுவிடுவார்கள். வேறு எந்தக் கணக்கு மறந்தாலும் இது மறக்காது.

ரேச்சல் ஆறாம் வகுப்புக்கு வந்த ஜூனில் நடந்ததைச் சண்முகத்தாய் இன்றைக்கும் சொல்லுவாள். இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டே வந்து கடைசியில் மைதானத்தில் ஒரு பிள்ளை மட்டும் நின்றது. அது ரேச்சல். ஜீவமணிக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பிள்ளைக்குத் தானே பதவி கொடுத்துக்கொண்ட மாதிரி ஆயிற்றே என்று கூச்சம். ஸ்டாஃப் ரூமில் விடுவார்களா? வரிசை நிறுத்தினவள் நான், எனக்கு ஒரு காப்பிகூட வரவில்லை என்று சண்முகத்தாய் ஒரு வாரம் ஓட்டினாள். இல்லை, நியாயமாக வந்ததுதான் என்று ஜீவமணி ஒவ்வொருவரிடமும் விளக்கினாள். விளக்க விளக்கச் சிரிப்பு கூடியதுதான் மிச்சம்.

ரேச்சல் நன்றாக வாசித்தாள். கமா வரும் இடத்தில் ஒரு மூச்சு நின்று, பிறகு தொடருவாள். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் மைக்கில் இரைச்சல்தான் கேட்கும், மற்றப் பிள்ளைகள் அவசரமாக முடித்துவிட்டு ஓடிவருவார்கள். இவள் காற்று அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வார்த்தையைச் சொல்லுவாள். கீழே டீச்சர்கள் வரிசையில் நின்ற ஜீவமணி, மகளைப் பார்க்காமல் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்தால் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம். அந்த ஒரு வருஷத்துத் திங்கட்கிழமைகள்தான் அவள் வாழ்க்கையில் குறையே இல்லாத நாட்கள்.

ஏழாம் வகுப்பு ஜூனில் ரேச்சல் நடுவுக்கு வெகு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். அதில் ஒன்றும் அதிசயமில்லை. அந்த வயதில் பிள்ளைகள் ஒரு லீவு முடிந்து வரும்போது அடையாளம் தெரியாமல் வளர்ந்து வருவார்கள், வரிசை கலையத்தான் செய்யும். எட்டாம் வகுப்பில் அவள் வரிசையின் முதல் ஆளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அன்றைக்குச் சண்முகத்தாய் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே வந்து ஜீவமணியின் பக்கத்தில் நின்றாள்.

"ஏளா ஜீவமணி, உம்பிள்ளை வளரல பாத்துக்க. ஆறாப்புல போட்ட பாவாடையத்தான் இன்னும் போட்டுட்டு நிக்கா."

"அக்கா, நடுன்னு ஒண்ணு இருந்தா பாதிப் பிள்ளை அதுக்குக் கீழதான் நிக்கணும். எல்லாரும் நடுவுக்கு மேலயே நிக்க முடியுமா? அப்பறம் அது எப்படி நடு? கீழ நிக்கிறது ஒரு நோவா?"

கணக்கு சரி. சண்முகத்தாயால் அதை மறுக்க முடியவில்லை. தன் அக்காள் மகளும் இப்படித்தான் வயசுக்கு வரும்வரை கத்தரிக்காய் மாதிரி இருந்து பிறகு ஒரே வருஷத்தில் நெடுநெடுவென்று போய்விட்டாள் என்று அவளும் சமாதானம் சொல்லிக்கொண்டாள். டிக்சன் ஒருநாள் மெதுவாகக் கேட்டார். நீங்கள் என்ன பனைமரமா, பிள்ளை யாரைக் கொண்டு பிறக்கும் என்று ஜீவமணி அவரையே மடக்கிவிட்டாள். அவர் தன் உயரத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

அந்த வருஷம் ரேச்சலுக்குக் காய்ச்சல் வந்து ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். காய்ச்சலுக்கு மருந்து எழுதிவிட்டு, டாக்டரம்மா பிள்ளையின் உயரத்தை அளந்து, வளைவு வளைவாகக் கோடு போட்ட ஒரு தாளில் புள்ளி வைத்தார். நடுக்கோட்டுக்கு மிகவும் கீழே விழுந்தது புள்ளி. கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே என்றார். ஜீவமணிக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த நடுக்கோடு என்ன கோடு, அதற்குக் கீழே ஊரில் பாதிப் பிள்ளைகள் ஏன் இருந்தே ஆக வேண்டும், கீழ்க்கோட்டுக்குப் பக்கத்திலும் ஆரோக்கியமான பிள்ளைகள் ஏன் இருப்பார்கள் என்று டாக்டரம்மாவுக்கே பாடம் எடுத்தாள். அவர் சிரித்து, நீங்கள் கணக்கு டீச்சர்தானே என்று கேட்டார். நீங்கள் சொல்லுவது சரிதான், இருந்தாலும் ஆறு மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள், மறுபடி அளந்து பார்த்து ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஆறு மாதம் கழியும்போது பரீட்சை வந்தது. பிறகு விடைத்தாள் திருத்தும் வேலை. பிறகு லீவு, நாசரேத்தில் ஒரு கல்யாணம். வாதத்தில் ஜெயித்தவர்களுக்கு மறுபடி அதே இடத்துக்குப் போகத் தோன்றுவதில்லை. அவளும் போகவில்லை.

இதற்கிடையில் பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். தலைமாட்டில் பாட்டில் இல்லாமல் தூங்க மாட்டாள். வெயிலுக்குத் தூத்துக்குடியில் யார்தான் குடிக்கவில்லை? உப்பு என்றால் உயிர். மாங்காயைத் தொட்டுத் தின்பதற்கு எடுத்த உப்பை மாங்காய் தீர்ந்த பிறகும் விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருப்பாள். உப்பளத்துக் காற்றில் பிறந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று டிக்சன் கேலி செய்தார். முகம் வெளுத்திருந்தது. வெயிலில் விளையாடாத பிள்ளை, நிறம் வந்துவிட்டது என்று சபையில் ஒரு அம்மாள் பாராட்டக்கூடச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஜூனில் ரேச்சல் வரிசையின் முதல் ஆளாக நின்றாள். ஜீவமணி கையைத் தட்டினாள். முன்னால் ரேச்சலும் பின்னால் நெட்டையான ஒருத்தியும் முதல் ஆட்களாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியாக உட்கார்ந்துகொண்டே வந்து, கடைசியில் பேச்சிச்செல்வி மட்டும் நின்றாள். உப்பு வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை, இதுவரை மேடையேறியதே இல்லை. அவள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. ரேச்சலும் மணலில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று ஜீவமணி கேட்டாள்.

"முதல்ல உக்கார்றது நல்லாத்தாம்மா இருக்கு. காலு வலிக்கி."

"ஸ்கூல்ல டீச்சர்னு சொல்லு" என்று ஜீவமணி கண்டித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் பிற்பாடு எத்தனை தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னது. டீச்சர் என்று சொல்லு என்று தாய் சொன்னாள்.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒன்பதாம் வகுப்பின் முறை. பேச்சிச்செல்வி மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது ரேச்சல் விழுந்தாள். முதல் ஆளாக நின்றதால் முன்னால் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை, முகம் மணலில் பட்டது. சண்முகத்தாய்தான் ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கின உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வயதுப் பிள்ளைக்கு இந்தக் கனம் போதாது என்று. ஆட்டோவில் போகும்போது ஜீவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள், உடனே திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. பிறவியிலேயே உடம்பில் எழுதி வைத்த நோய், வலி காட்டாது, வீக்கம் காட்டாது, சத்தமில்லாமல் வேலையை முடித்துக்கொண்டு போகும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். தாகமும் உப்பு ஆசையும் வெளுப்பும் வளராததும் எல்லாம் அதுதான். முன்னாடியே வந்திருந்தால் என்று ஜீவமணி கேட்டாள். நோயை நிறுத்தியிருக்க முடியாது என்றார். கொஞ்சம் காலம் கிடைத்திருக்கும், பிள்ளைக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போதே மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஏற்பாடு செய்திருக்கலாம் என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஜீவமணிக்குக் குற்றமாகக் கேட்டது.

ஊருக்குத் திரும்பியதும் பழைய குழந்தை டாக்டரம்மாவிடம் போனாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. யாராவது தன்னைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்திருக்கலாம். டாக்டரம்மா ரிப்போர்ட்டை எல்லாம் படித்து மடித்து வைத்தார்.

"டீச்சர், நீங்க அன்னைக்குச் சொன்னது தப்பில்ல. பாதிப் பிள்ளைங்க நடுக்கோட்டுக்குக் கீழதான் இருப்பாங்க. ஆனா அவங்க சின்ன வயசுல இருந்தே அங்கதான் இருப்பாங்க. ரேச்சல் அங்க இருந்த பிள்ளை இல்ல. நடுவுல இருந்து இறங்கி வந்த பிள்ளை. அவ முன்னாடி எங்க இருந்தான்னு நானும் கேக்காம விட்டுட்டேன்."

கேட்டிருந்தால் பதில் சொல்ல ஜீவமணியைவிடத் தகுதியான ஆள் ஊரில் கிடையாது. ஆறாம் வகுப்பில் மைதானத்தில் தனியாக நின்ற பிள்ளையைக் கண்டுபிடித்தவளே அவள்தான். அதற்கு அடுத்த வருஷம், அதற்கும் அடுத்த வருஷம், பிள்ளை வரிசையில் முன்னால் முன்னால் வந்துகொண்டிருந்ததைத் தினமும் காலையில் எதிரே நின்று பார்த்தவளும் அவள்தான். வரிசை இன்றைக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும், நேற்று எங்கே நின்றார்கள் என்று சொல்லாது. அது தாய் சொல்ல வேண்டிய விஷயம். வீட்டுக்கு வந்து டிக்சனிடம் இதைச் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் அலைச்சல். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். டிக்சன் லீவு தீர்ந்து, சம்பளமில்லாத லீவும் போட்டார். ஜீவமணி தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதாக இருந்தது. ஒவ்வொரு பரிசோதனையாக வந்தது, ஒவ்வொன்றிலும் பொருந்தியது. வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் அவள் இப்படிப் பயந்ததில்லை, இப்படிச் சந்தோஷப்பட்டதும் இல்லை. மே மாதம் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். மார்ச்சில் உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கும் குழு முன்னால் போய் உட்கார்ந்து, நான் என் மனதார என் பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு வெளியே வந்து, இதையெல்லாமா கேட்பார்கள் என்று டிக்சனிடம் கோபப்பட்டாள்.

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாயோடு படுத்திருக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட நினைப்புதான். வியாழக்கிழமை வந்தால் பேச்சிச்செல்வி என்ன வசனம் வாசித்தாள், தடுமாறினாளா என்று கேட்பாள். ஒருநாள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நான் போகலல்லாம்மா, அப்ப நடு மாறியிருக்கணுமே. பேச்சிச்செல்வியே எப்படி வாசிக்கா?"

"ரோல்ல உம்பேரு இருக்குல்லா. வரிசையில உன் இடத்த விட்டுட்டுத்தான் நிக்காளுவ. நீ இருக்கங்காட்டியும் அவதான் நடு."

ரேச்சலுக்கு அது பிடித்துப்போயிற்று. தான் படுத்துக்கொண்டே பேச்சிச்செல்வியை மேடையேற்றுவதாக நர்ஸிடம்கூடச் சொன்னாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, உங்க கிட்னி வச்சா நான் வளருவேனா, திரும்ப நடுவுக்கு வந்துருவேனா என்று கேட்டாள். வருவாய் என்று ஜீவமணி உடனே சொன்னாள். படிப்படியாக எழுதிக் காட்டாத விடைக்கு ஒரு மார்க்கும் போடாதவள் அவள். கை கூசாமல் அந்த ஒரு விடையை அப்படியே சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி போய்விட்டது. முதல் நாள் குளிர், அடுத்த நாள் காய்ச்சல், பிறகு ஐ.சி.யூ. ஆபரேஷனைத் தள்ளி வைக்கலாம் என்றார்கள். தள்ளி வைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. கொடுப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த சிறுநீரகம் ஜீவமணியின் உடம்பிலேயே இருந்துவிட்டது. இன்றைக்கும் இடது பக்கம் கை போனால் அவள் கையை எடுத்துவிடுவாள்.

நாசரேத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வகுப்புப் பிள்ளைகள் வேனில் வந்தார்கள். யாரும் சொல்லவில்லை, விசிலும் இல்லை, அவர்களாகவே உயர வரிசையில் நின்று ஒவ்வொருவராக மண் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் அழுதார்கள். டிக்சனைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஜீவமணி அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அழாத தாயைப் பார்த்துச் சனங்கள் என்னென்னவோ பேசின. பேசுகிறவர்களுக்கு என்ன.

ஜூனில் பள்ளி திறந்தது. இன்னும் கொஞ்ச நாள் லீவு போடேன் என்றார் டிக்சன். வீட்டில் இருந்து என்ன செய்ய, தலைமாட்டுப் பாட்டிலையா பார்த்துக்கொண்டிருக்க என்று அவள் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சண்முகத்தாய் கேட்டில் காத்திருந்தாள்.

"ஏளா, இந்த வருசம் நடுப்பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். நீ போய் ஸ்டாஃப் ரூம்ல இரு."

"இல்லக்கா. நானே பாக்கேன்."

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது முடிந்தது. புதுப் பிள்ளைகளுக்கு முறையைச் சொல்லிக்கொடுத்தாள். எறும்பையும் பனையையும் பற்றி மட்டும் இந்த வருஷம் சொல்லவில்லை. பிறகு பத்தாம் வகுப்பு. பெரும்பாலும் வளர்ந்து முடித்த பிள்ளைகள், வரிசை போன வருஷத்து வரிசையேதான். ஒருத்தி புதிதாகச் சேரவுமில்லை, ஒருத்தி மாற்றலாகிப் போகவுமில்லை. முன்னால் ரேச்சலுக்கு அடுத்து நின்றவள் இப்போது முதல் ஆளாக நின்றாள். ஜீவமணியை நிமிர்ந்து பார்க்கப் பயந்து அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீவமணி கையைத் தட்டினாள். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி உட்கார்ந்தார்கள். அடுத்த இரண்டு பேர். இரண்டு பக்கமும் பாவாடைகள் மணலில் படிந்துகொண்டே வந்தன. உட்காரும் முறை தனக்கு வராது என்று நம்பிய பேச்சிச்செல்வி, போன வருஷத்து நடுப்பிள்ளை, தைரியமாக நிமிர்ந்து நின்றாள். எல்லாரும் உட்கார்ந்து முடிந்ததும் மைதானத்தில் ஒரு பிள்ளை நிற்க வேண்டும். இரண்டு பேர் நின்றார்கள். பேச்சிச்செல்வியும், அவளுக்கு அடுத்து நின்ற இந்துமதியும்.

பேச்சிச்செல்வி ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள், வரிசையின் தலைப்பக்கம். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவராகப் புரிந்து, மைதானம் அமைதியாகிவிட்டது. உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்று மட்டும் கொடிக்கயிற்றைக் கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

முன்னால் நிற்கிறவள் எவ்வளவு சுருங்கினாலும் நடு ஆடாது. எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். பிள்ளை எதிரே நின்று சுருங்கிக்கொண்டே வந்தபோது உண்மையாகவே எதுவும் ஆடவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இல்லாமல் போனதும் ஆடிவிட்டது. இத்தனை பேர் நிற்கும் வரிசையில், யார் கண்ணுக்கும் படாத ஓர் ஓரத்தில் நின்ற பிள்ளை போனதற்கு, நட்டநடுவில் நிற்கிறவள் தன் இடத்தைப் பாதியாகப் பங்கு வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தின் மறுபாதியை ஜீவமணி ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளே இப்போதுதான் படித்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து வாசிங்க, ஒருத்தி முந்தக்கூடாது என்று சொன்னாள். சொல்லிவிட்டு டீச்சர்கள் வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பேச்சிச்செல்வியும் இந்துமதியும் மேடையேறினார்கள். இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, வேதாகமத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். ஜீவமணி வழக்கம்போலக் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் சொல்லைச் சேர்ந்து தொடங்கினார்கள். கமா வந்த இடத்தில் பேச்சிச்செல்வி ஒரு மூச்சு நின்றாள், ரேச்சல் நிற்பது போலவே. யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை. இந்துமதிக்கு அது தெரியாது, அவள் நிற்காமல் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து இரண்டு குரலும் பிரிந்தன. கடைசிவரை சேரவில்லை.

ஒரே பிள்ளை வாசிக்க வேண்டிய வசனம் அது. ரேச்சல் வரிசையில் இருந்திருந்தால், எவ்வளவு குட்டையாக, எவ்வளவு வெளுத்து, முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டாவது இருந்திருந்தால், ஒரு குரல்தான் கேட்டிருக்கும். இனி இந்த வருஷத்து வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றிலும் இரண்டு குரல் கேட்கும், அதை அவள் இங்கேயே நின்று கேட்க வேண்டும். ஜீவமணி கொடிக்கம்பத்திலிருந்து கண்ணை எடுத்து மேடையைப் பார்த்தாள். பார்த்த கணத்தில், முழுப் பள்ளிக்கும் முன்னால், வாய்விட்டு அழுதாள்.

மேடையில் இரண்டு பிள்ளைகளும் பயந்து நிறுத்திவிட்டார்கள். வாசிங்க, வாசிங்க என்று அவள் அழுதுகொண்டே கையைக் காட்டினாள்.